உப்பு டப்பாவில் எழுபத்தைந்து

திருச்செங்கோட்டு மலை தன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிற பக்கத்தில் ஊஞ்சக்காடு என்று ஓர் ஊர், அந்த ஊரில் மழை விட்டதும் ஆம்பளைகள் போர்வெல் வண்டி ஏறிவிடுவார்கள், ஆந்திரா தாண்டி, நாக்பூர் தாண்டி, மண் எங்கெங்கே தண்ணீரை ஒளித்து வைத்திருக்கிறதோ அங்கெல்லாம் குழாய் இறக்கப் போய்விடுவார்கள், போனால் ஆடி நோம்பிக்குத்தான் திரும்புவார்கள், அதனால் வருசத்தில் முக்கால்வாசி நாள் அந்த ஊரில் பொம்பளைகளும் கிழவர்களும் ஆடு மாடும்தான், சாமிகூட ஒற்றை விளக்கோடு சமாளித்துக்கொள்ளும்.

பூங்கோதையின் வீட்டுக்காரர் சென்னியப்பனும் அப்படி வண்டி ஏறியவர்தான். ஓர் ஆடிக்கு வண்டி வந்தது, அவர் வரவில்லை. "வேற வண்டிக்கு மாறிட்டாருங்க்கா" என்றான் கூடப் போனவன், தரையைப் பார்த்துக்கொண்டு. அடுத்த ஆடிக்கு அவருடைய செல்போன் நம்பரே உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் தமிழிலும் சொன்னது, இந்தியிலும் சொன்னது. இருக்கிறாரா போய்ச் சேர்ந்துவிட்டாரா என்று அவளிடம் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, அவளும் யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் காலையில் கண்ணாடிக்கு முன் நின்று பொட்டை விரலில் எடுத்த பிறகு, வைக்கலாமா என்று கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள். பிறகு வைத்துக்கொள்வாள். அந்தக் கொஞ்ச நேரம் வருசா வருசம் நீண்டுகொண்டே வந்தது.

பிள்ளை குட்டி இல்லாத வீடு. பின்னால் ஒரு கீற்றுக்கொட்டகை போட்டு, சுற்றிலும் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு, பால் காளான் வளர்த்தாள். காளானுக்கு வெக்கை ஒரு அளவில் இருக்க வேண்டும், ஈரம் ஒரு அளவில் இருக்க வேண்டும், இரண்டில் ஒன்று தப்பினாலும் மொட்டு மஞ்சளாகிக் கருகிப்போகும். கல்யாணத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் ஒரு ஸ்டெபிலைசர் கம்பெனியில் ஈயப்பத்து வைத்துக்கொண்டிருந்தவள் அவள், கைக்கு அந்தப் பழக்கம் மறக்கவில்லை, பொழுது போகாத சாயங்காலங்களில் செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கதவுக்கு மணி, தண்ணித்தொட்டிக்கு விளக்கு என்று எதையாவது கட்டிக்கொண்டிருப்பாள். அப்படித்தான் அந்தச் சென்சாரையும் வரவழைத்தாள். வெள்ளையாய், தீப்பெட்டியில் பாதிகூட இல்லாமல், முகத்தில் சல்லடைபோல் ஓட்டை போட்ட ஒரு பெட்டி. ஒரு போர்டில் வயரைப் பத்துவைத்து, சின்னத் திரை ஒன்றை மாட்டினால், வெக்கை இவ்வளவு, ஈரம் இவ்வளவு என்று இரண்டு எண் காட்டும்.

பங்குனி வெயிலில், கோழிகூட நிழலைவிட்டு வராத மத்தியானத்தில், அந்தச் சென்சார் வெக்கை ஒன்பது, ஈரம் நாற்பது என்று காட்டியது.

பூங்கோதை சிரித்துவிட்டு வயரைப் பார்த்தாள். பத்து விட்டுப் போயிருக்கும் என்று சென்சாரின் கம்பிக்கால் ஒவ்வொன்றையும் மறுபடி பத்துவைத்தாள், ஒன்பது. வயர் நீளமாக இருந்தால் தப்பாகக் காட்டும் என்று வீடியோவில் ஒருவர் சொன்னார், வயரைக் கத்தரித்து ஒரு சாண் ஆக்கினாள்; ஒன்பது. ரெசிஸ்டர் ஒன்று சேர்க்கச் சொன்னார்கள், சேர்த்தாள். கரண்டு பத்தவில்லையோ என்று வேறு சார்ஜரில் போட்டாள். அவசரப்பட்டுக் கேட்டால் பதில் சொல்லாது, ஒவ்வொரு தடவையும் இரண்டு எண்ணிக்கை விட்டுக் கேட்க வேண்டும் என்றார்கள், விட்டு விட்டுக் கேட்டாள். சென்சாரையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கி மாட்டினாள். அது எட்டு காட்டியது. மறுநாள் விடிகாலையில் எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு விழுந்திருந்தது. மைனஸ். ஊஞ்சக்காட்டில் அதுவரை யாரும் அந்தக் கோட்டைப் பார்த்ததில்லை.

கடைசியாக உப்புச் சோதனை. ஒரு டப்பாவில் கல் உப்பைப் போட்டு, ஈர மணல்போல் ஆகும் மட்டும் தண்ணீர் தெளித்து, சென்சாரை உள்ளே வைத்து இறுக்கி மூடி, அரைநாள் விட்டுவிட வேண்டும். உள்ளே ஈரம் எழுபத்தைந்தில் வந்து நிற்கும், எந்த ஊர் உப்பானாலும், யார் மூடினாலும், அதுதான் கணக்கு. பூங்கோதை காலையில் மூடி வைத்துவிட்டுச் சாயங்காலம் திரையைப் பார்த்தாள். நாற்பது. உப்புக்குக்கூட மசியாத பொருளைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

அப்போது பக்கத்து வீட்டு மரகதம் மோருக்கு வந்தாள். அவள் புருசன் ராஜஸ்தானில் வண்டியில் இருந்தான்.

"இதை ஒரு கை பிடி கண்ணு, பால் பொங்குது" என்று சென்சாரை டப்பாவிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு அடுப்பங்கரைக்கு ஓடினாள் பூங்கோதை. திரும்பி வந்தால் திரை நாற்பத்திரண்டு, பதினாலு என்று காட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மரகதத்தின் செல்போன் அடித்தது.

"எண்ணெய்ச் சட்டியில நிக்கற மாதிரி இருக்குது மரகதம்" என்றான் அவள் புருசன், "நாப்பத்திரண்டாம். துப்புனா எச்சி மண்ணுல விழறதுக்குள்ள காஞ்சு போவுது."

மரகதம் திரையைப் பார்த்தாள், பூங்கோதை மரகதத்தைப் பார்த்தாள். வாங்கித் தன் கையில் மூடிப் பிடித்தாள் பூங்கோதை. எண் இறங்கி இறங்கி ஒன்பதில் போய் உட்கார்ந்தது.

"அக்கா," என்றாள் மரகதம், மோர்ச் சொம்பை அப்படியே கீழே வைத்துவிட்டு, "மாமா இருக்கறாருங்க்கா."

அன்றைக்குச் சாயங்காலமே ஊருக்குத் தெரிந்துவிட்டது, யார் கையில் பிடிக்கிறார்களோ அவர்கள் எதிர்பார்த்துக் காத்திருக்கிற ஆள் இருக்கிற இடத்தின் வெக்கையையும் ஈரத்தையும் அந்தச் சென்சார் காட்டுகிறது என்று. எப்படி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஆயிரம் அடிக்குக் கீழே இருக்கிற தண்ணீரைக் கையில் ஒரு தேங்காயை வைத்துக்கொண்டு கண்டுபிடிக்கிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள், இது அவர்களுக்குப் பெரிய சங்கதி இல்லை. எத்தனை மணிக்கு வரலாம், செருப்பைக் கழற்றிவிட்டு வர வேண்டுமா, தீட்டுக்காரிகள் தொடலாமா என்றுதான் கேட்டார்கள். "தொடுங்க, அது கரண்டுல ஓடுது, சாமி இல்லை" என்றாள் பூங்கோதை.

அப்புறம் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டுத் திரும்புகிற பொம்பளைகள் எல்லாம் காளான் கொட்டகை வழியாகத்தான் போனார்கள். ஆளுக்கொரு தடவை கையை மூடிப் பிடிப்பார்கள். "எங்கவீட்டு ஆளுக்கு மழை பிடிச்சிருச்சுடி" என்பாள் ஒருத்தி. "என்ற மகனுக்குப் போர்வை பத்தாது" என்பாள் இன்னொருத்தி, உடனே போனைப் போட்டு, "டேய், கம்பளி வாங்கிக்கடா" என்பாள், "உனக்கு யாரு சொன்னாம்மா?" என்பான் அவன். பாப்பாத்தியின் புருசன் சத்தீஸ்கர் காட்டில் கொசுக்கடியில் கிடப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் பிடித்தால் காலை, மத்தியானம், சாயங்காலம் எப்போதும் பதினெட்டு.

"ஏனுங்க," என்று போனில் கேட்டாள் பாப்பாத்தி, கொட்டகையே காதைத் தீட்டிக்கொண்டு நிற்க, "உங்க காட்டுக் கொசுவுக்கெல்லாம் ஏசி போட்டு விட்டிருக்கறாங்களாட்ட இருக்குது?"

அதற்குப் பிறகு ஊஞ்சக்காட்டு வண்டிக்காரர்கள் போனை எடுத்ததும் முதலில் வெயிலைத்தான் சொன்னார்கள், உள்ளதை உள்ளபடி. பெண் பிள்ளை ஒருத்தி விளையாட்டாகப் பிடிக்கப்போய், நாலு வீடு தள்ளி இருக்கிற மாவு மில்லின் வெக்கையை அது அப்படியே காட்டிவிட்டது, மில்லை ஓட்டுகிற பையனுக்கும் அவளுக்கும் வைகாசியிலேயே பாக்கு வெற்றிலை மாற்றினார்கள். கல்யாணமாகாத பிள்ளைகள் தாயோடு வந்தால் மட்டும் தொடலாம் என்று ஊர்க்கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு போட்டார்கள்.

குழந்தைவேலு என்று ஒரு கிழவர், பெண்டாட்டியை மண்ணில் வைத்துவிட்டுத் தனியாக இருந்தவர், எல்லோரும் போன பிறகு தயங்கித் தயங்கி வந்து பிடித்தார். இருபத்தெட்டு, ஈரம் நூறு. மறுநாள் உச்சி வெயிலில் வந்து பிடித்தார், இருபத்தெட்டு. விடிகாலையில் வந்தார், அதே இருபத்தெட்டு. அந்தக் காலத்தில் வண்டி ஓட்டி, இடுப்பு போய் வீட்டோடு உட்கார்ந்துவிட்ட ராக்கியண்ணன் பக்கத்தில் இருந்தார்.

"மண்ணுக்குள்ள அப்படித்தாங்க," என்றார் ராக்கியண்ணன். "கொஞ்ச ஆழம் போயிட்டா மேல வெயிலடிச்சா என்ன, பனி பேஞ்சா என்ன, எண்ணு மாறாதுங்க."

குழந்தைவேலு தலையாட்டினார். "வெயில் படாத எடம்தான்" என்றார். அதற்கப்புறம் அவர் வரவில்லை, வரத் தேவையில்லாமல் போய்விட்டது.

அதைக் கேட்ட பிறகுதான் பூங்கோதைக்கு உடம்பில் உயிர் வந்தது. தன்னுடைய எண் மாறுகிற எண். காலையில் கோடு விழுகிறது, மத்தியானம் ஒன்பது, பத்து, சாயங்காலம் மறுபடி இறங்குகிறது. எண் மாறுகிறவன் மண்ணுக்கு மேலே இருக்கிறான். பொட்டை விரலில் எடுத்தால் யோசிக்காமல் வைத்தாள்.

"இது பனிமலைங்க அம்மிணி," என்றார் ராக்கியண்ணன். "லடாக் பக்கம். ரோட்டு வேலைக்கு அங்க வண்டி போவுது. நானே ஒருக்கா போயிருக்கறேன், மூக்குல இருந்து ரத்தம் வந்துச்சு. கல்லும் வானமும்தான். அங்க எப்படித்தான் தனியா காலந்தள்ளறானோ."

அன்றிலிருந்து பூங்கோதை அந்த மலையில் குடியிருந்தாள். சித்திரைக் கத்திரி வெயிலில் ஊரே விசிறிக்கொண்டிருக்க, அவள் கோடு விழுந்த காலைகளில் சீலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசல் கூட்டினாள். அவளுக்கு வேர்ப்பதை அவளே கவனிக்கவில்லை. "இன்னைக்கு வெயில் பரவாயில்லை" என்பாள் மரகதத்திடம், மரகதம் கொதிக்கிற தார் ரோட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்ப்பாள். யாரும் பிடிக்காதபோதும், தன்னைப் பத்துவைத்துக் கட்டினவள் அவள்தானே என்று சென்சார் அவளுடைய எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது. கொட்டகையின் வெக்கை என்ன, ஈரம் என்ன என்று அவளுக்குத் தெரியவே இல்லை, சாக்கு காய்ந்து மொடமொடத்தது, காளான் மொட்டு ஒரு ஈடு முழுக்க மஞ்சளாகிச் செத்தது, அடுத்த ஈடும் செத்தது.

"வேற சென்சார் வாங்கிக் காளானுக்குன்னு தனியா வைங்க்கா" என்றாள் மரகதம்.

"மாத்திப் பார்த்தேனே. நான் எதைக் கட்டினாலும் அங்கதான் போய் நிக்குது."

ஆனி மாதத்தில் ஒரு பொழுது சாய்கிற நேரம், எல்லோரும் போன பிறகு, பூங்கோதை சென்சாரைக் கையில் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழக்கமாக இறங்குகிற நேரத்தில் எண் ஏறியது. எட்டிலிருந்து பதிமூன்று, பதினெட்டு, இருபத்திரண்டு. சூடான எதற்காவது பக்கத்தில் வைத்தால் இப்படித்தான் ஏறும் என்று அவளுக்குத் தெரியும், கொட்டகை விளக்கை அணைத்தாள், போர்டைத் தள்ளி வைத்தாள். அப்படியும் ஏறியது. மறுநாளும் அதே நேரத்தில் ஏறியது. அதற்கடுத்த நாளும்.

கோளாறு இங்கே இல்லை என்றால் அங்கே என்ன என்று பூங்கோதை எண்களைக் கேட்க ஆரம்பித்தாள், ஆமாம், கேட்கத்தான் செய்தாள், சுவருக்கு அந்தப்பக்கம் நடப்பதைக் காது வைத்துக் கேட்கிற மாதிரி. முதலில் வெக்கை கொஞ்சமாக ஏறுகிறது, அடுப்பு பற்றவைக்கிறார்கள். பிறகு ஈரம் மளமளவென்று ஏறுகிறது. உலை கொதிக்கிறது, மூடியைத் திறக்கிறார்கள். பிறகு வெக்கை இன்னும் ஏறுகிறது, ஆனால் ஈரம் இறங்குகிறது. இதென்ன சமையல் என்று அவளுக்கு வெகுநேரம் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. வெறும் கல்லைக் காயவைத்து ரொட்டி சுடுகிறார்கள்.

இந்த வீட்டில் சென்னியப்பன் அடுப்பங்கரை நிலைப்படியைத் தாண்டினதில்லை. காப்பியானாலும் கஞ்சியானாலும் கட்டிலுக்குப் போக வேண்டும். அந்த மனுசன் அங்கே அடுப்புக்குக் கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார், தினமும், ரொட்டி சுட்டு முடிகிற மட்டும்.

இன்னொன்றும் இருந்தது. அடுப்பு அணைந்த பிறகு, எண் ஒரு நிலைக்கு வந்த பிறகு, ஈரம் மட்டும் துளியளவு ஏறும், இறங்கும், ஏறும், இறங்கும். சென்சாருக்கு மிக அருகில் யாராவது மூச்சு விட்டால் அப்படி இருக்கும். அவர் நெஞ்சின்மேல் யாரோ தலைவைத்துத் தூங்குகிறார்கள். பெரிய மூச்சு இல்லை அது. வேகமான, குட்டி மூச்சு.

பூங்கோதை அந்த மூச்சு நிதானப்படும் மட்டும் கையைத் திறக்கவில்லை. கையைத் திறந்தால் குழந்தை விழித்துக்கொள்ளும் என்பதுபோல் இருந்தது அவளுக்கு.

"மாமா எப்படி இருக்கறாருங்க்கா?" என்று மறுநாள் கேட்டாள் மரகதம்.

"குளிரில்லாம இருக்கறாரு" என்றாள் பூங்கோதை.

அவள் அழவில்லை, யாரிடமும் சொல்லவில்லை, சென்சாரை விட்டெறியவும் இல்லை. எப்போதும்போல் சாயங்காலம் அதைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காருவாள். ஒருநாள் ஆடு வேலியைத் தாண்டிவிட்டது, துரத்திப் பிடித்துக் கட்டிவிட்டு வருவதற்குள் ரொட்டி சுடுகிற நேரம் போய்விட்டது. இன்னொரு நாள் வீட்டு ஓட்டில் ஒழுக்கு, ஏறிச் சரிசெய்துகொண்டிருந்தவளுக்கு அந்த நினைப்பே வரவில்லை, இறங்கி வந்து கைகால் கழுவும்போதுதான் வந்தது. அன்றைக்குச் சென்சார் பதினைந்து காட்டியது. விடிகாலையில் கோடு இல்லை. அடுத்த வாரம் இருபது. ஈரமும் ஏறியது.

அந்தச் சமயத்தில் மற்றவர்களுடைய எண்களும் அசைய ஆரம்பித்திருந்தன. ஆடி நெருங்குகிறது, வடக்கே மழை இறங்கிவிட்டது, வண்டிகள் கிளம்பிவிட்டன. ஒவ்வொரு ஆளும் ஊருக்குப் பக்கம் வர வர அவன் எண் ஊர் எண்ணுக்குப் பக்கம் வரும். பால் சொசைட்டிச் சுவரில் வெக்கை காட்டுகிற ஒரு பழைய பாதரசக் குழாய் தொங்கியது, கையில் பிடித்த எண்ணும் சுவரில் தொங்குகிற எண்ணும் ஒன்றாகிவிட்டால் ஆள் சங்ககிரி தாண்டிவிட்டான் என்று அரிசியைக் களைந்து உலையில் போடுவார்கள், கஞ்சி வடிப்பதற்குள் வண்டிச் சத்தம் கேட்கும். ஒரு வீட்டுக்கும் அது தப்பவில்லை.

ஆகையால் பூங்கோதையின் எண் மலையைவிட்டு இறங்குவதைப் பார்த்ததும் ஊருக்குத் தலைகால் புரியவில்லை. ராக்கியண்ணன் கட்டிலைக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து போட்டுக்கொண்டார்.

"இருபத்தஞ்சா? சண்டிகர் வந்துட்டான். இருபத்தொம்பது, ஈரத்தோட? அப்ப நாக்பூர்ல மழையில நிக்கறான். அம்மிணி, வந்துட்டிருக்கறான் உன்ற புருசன்!"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க மாமா" என்றாள் பூங்கோதை.

வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். மரகதமும் பாப்பாத்தியும் வந்து அவள் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஒருத்தி மாவு இடித்துக்கொண்டு வந்தாள், ஒருத்தி புதுப் பாய் கொண்டுவந்து விரித்தாள். வேண்டாம் வேண்டாம் என்று பூங்கோதை சொன்னதெல்லாம் சுண்ணாம்பு வாளிச் சத்தத்தில் போய்விட்டது.

நோம்பி நாள் காலையில் அவள் எண் முப்பத்திமூன்று. சொசைட்டிக் குழாய் முப்பத்திமூன்று. பாப்பாத்தி குழாய்க்கும் கொட்டகைக்கும் நடையாய் நடந்து பார்த்தாள், மயிரிழை வித்தியாசமில்லை.

"வந்தாச்சு! ஊருக்குள்ள வந்தாச்சு!" என்று ராக்கியண்ணன் கட்டிலிலிருந்தே கத்தினார்.

வண்டியிலிருந்து இறங்கின ஆம்பளைகளும் அவர்கள் பெண்டாட்டிகளும் தேடக் கிளம்பினார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு எங்கேயாவது ஒதுங்கி நிற்பார், இத்தனை வருசம் கழித்து எந்த முகத்தோடு வருவார், கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிடலாம் என்று பஸ் நிற்கிற இடம், கோயில் பின்னால், கரும்புக்காடு, கிணற்று மேடு எல்லாம் தேடினார்கள். "சென்னியண்ணா, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டோம், வாங்க!" என்று சோளக்காட்டைப் பார்த்துக் கூப்பிட்டான் பாப்பாத்தியின் புருசன், ஏசிக்காரன்.

பூங்கோதை மட்டும் வீட்டில் இருந்தாள். பழைய டப்பாவை எடுத்துக் கழுவித் துடைத்தாள். கல் உப்பை அள்ளிப் போட்டு, தண்ணீரைத் தெளித்து, சென்சாரை உள்ளே வைத்து, இறுக்கி மூடினாள். ஊர் முழுக்க அவள் புருசன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிற சத்தம் அரைநாளும் கேட்டுக்கொண்டே இருந்தது, ஒருசமயம் கிட்டத்தில், ஒருசமயம் வெகுதூரத்தில். வெயில் சாய்ந்ததும் திரையைப் பார்த்தாள்.

எழுபத்தைந்து.

சென்னியப்பன் ஊஞ்சக்காட்டில் எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும், அவள் மூடி வைத்த ஈர உப்பு டப்பாவுக்குள் இருக்க முடியாது; சென்சார் இப்போது யார் இருக்கிற இடத்தையும் காட்டவில்லை, தான் இருக்கிற இடத்தைத்தான் காட்டுகிறது.

காலெல்லாம் புழுதியோடு மரகதம் வந்து சேர்ந்தாள். "எங்கியும் காணோங்க்கா. ஆனா உள்ளதான் இருக்கறாரு, எண்ணு பொய் சொல்லாது."

"சொல்லாது," என்றாள் பூங்கோதை. "சென்சார் சரியாயிருச்சு கண்ணு."

"அதாங்க்கா நானும் சொல்லறேன். வந்துட்டாருன்னுதான் அதுக்கு அர்த்தம்."

பூங்கோதை அவள் முகத்தைப் பார்த்தாள். சொன்னால் அழுதுவிடுவாள்போல இருந்தது, நல்ல நாளில் புருசன் வேறு வந்திருக்கிறான். "வீட்டுக்குப் போ, உன்ற ஆளு பசியோட இருப்பாரு" என்று ஒரு சொம்பு மோர் ஊற்றிக்கொடுத்து அனுப்பினாள்.

அன்றைக்குச் சாயங்காலம் கொட்டகைப் பக்கம் யாரும் வரவில்லை. வர வேண்டிய தேவை யாருக்கும் இல்லை, எல்லோருடைய ஆளும் எல்லோருடைய வீட்டிலும் இருந்தார்கள். தெரு முழுக்கத் தாளிக்கிற வாசமும் ஆம்பளைச் சிரிப்பும் பாத்திரச் சத்தமுமாக இருந்தது. பூங்கோதை சென்சாரைத் துடைத்து, காளான் பைகளுக்கு நடுவே ஒரு ஆணியில் மாட்டிவிட்டு எதிரே நின்றாள். கையில் பிடிக்கவில்லை. இரண்டு எண்ணிக்கைக்கு அப்புறம் அது வெக்கை முப்பத்தைந்து, ஈரம் ஐம்பத்தெட்டு என்றது.

கழுத்தில் கையை வைத்துப் பார்த்தாள். நனைந்திருந்தது. ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. போர்த்தியிருந்த தலைப்பை எடுத்தாள்.

"இந்த வெக்கையிலயா இருந்தேன்" என்றாள். கேட்க ஆளில்லை.

வாளியில் தண்ணீர் மொண்டு வந்து, காய்ந்து விறைத்திருந்த சாக்குகளில் ஒரு மூலையிலிருந்து தெளிக்க ஆரம்பித்தாள். திரும்பிப் பார்த்தாள். அறுபது. இன்னொரு வாளி மொண்டு வந்து இந்தப் பக்கச் சாக்கிலும் ஊற்றினாள். அறுபத்திநாலு. தரை மணலிலும் ஊற்றிவிட்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, அவள் ஊற்றின தண்ணீருக்கு எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.